தங்கைக்காக எடுத்த விளையாட்டு உளவியல் ஆலோசனை: எது உதவியது, எது உதவவில்லை

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் என் தங்கைக்காக எங்கள் குடும்பம் ஒரு போட்டிப் பருவம் முழுவதும் பயன்படுத்திய விளையாட்டு உளவியல் ஆலோசனைச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. சேவையின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. அவளுடைய வயதுப் பிரிவில் போட்டியிடுவோர் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்பதால், பெயரைச் சொன்னால் அவள் யார் என்பதையும் சொன்னதாகிவிடும். இதை எழுத அவள் சம்மதித்தாள்; எழுதியதைப் படித்துப் பார்த்துச் சில வரிகளை நீக்கவும் சொன்னாள், நீக்கிவிட்டேன். இதே வகையான சேவையைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், பணம் கட்டுவதற்கு முன் எவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று அறிய இது உதவும் என நினைக்கிறேன்.

எதற்காக இப்படியொரு சேவையை நாடினோம் என்பதை விளங்கிக்கொள்ள, இந்த விளையாட்டில் மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பதை ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயது ருமேனிய வீராங்கனை நாடியா கோமனெச்சி முழுமையான பத்து மதிப்பெண் பெற்றபோது, நான்கு இலக்கம் காட்ட முடியாத மதிப்பெண் பலகை அதை 1.00 என்று காட்டியது பலருக்கும் தெரிந்த செய்தி. 2006இல் விதிகள் மாறிய பிறகு அந்த ‘பத்துக்குப் பத்து’ போய்விட்டது. செய்யும் வித்தைகளின் கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்த நேர்த்திக்கு ஒரு மதிப்பெண் என இரண்டாகப் பிரித்துக் கூட்டுகிறார்கள். ஆனால் நேர்த்திக்கான மதிப்பெண் இன்றும் பத்திலிருந்துதான் தொடங்கிக் கீழே இறங்குகிறது. சிறு பிழைக்கு 0.10, நடுத்தரப் பிழைக்கு 0.30, பெரும் பிழைக்கு 0.50, கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி என்று நடுவர்கள் கழித்துக்கொண்டே போகிறார்கள். பெருவிரல் மடங்கியதா, முழங்கால் சற்றே வளைந்ததா, தரையிறங்கும்போது ஓர் அடி நகர்ந்ததா என்று பார்ப்பதே அவர்களுடைய வேலை. சிறு வயதிலிருந்தே இந்தக் கழித்தல் கணக்கில் வளரும் ஒரு பிள்ளை, தன்னையும் அதே கணக்கில் பார்க்கத் தொடங்குவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

என் தங்கையிடம் அது பீமில்தான் வெளிப்பட்டது. தரையிலிருந்து 125 சென்டிமீட்டர் உயரத்தில், ஐந்து மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கட்டையின் மேல் 90 விநாடிக்குள் தொடரை, அதாவது வரிசையாக அமைத்த வித்தைகளை, முடிக்க வேண்டும். பயிற்சியில் எங்காவது கொஞ்சம் தள்ளாடினாலும் அவள் உடனே இறங்கி, கைகளில் சுண்ணப்பொடியைத் தடவிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பாள். இரண்டாவது முறையும் தள்ளாடினால் மறுபடியும் முதலிலிருந்து. இதைப் பார்ப்பவர்களுக்கு அவளுடைய உழைப்பின் மேல் மதிப்புத்தான் வரும், எனக்கும் வந்தது. ஆனால் இதன் விளைவாக, தொடரின் தொடக்கம் மட்டுமே கணக்கில்லாத முறை பயிற்சி பெற்றது. பிழை நேர்ந்த பிறகு எப்படித் தொடர்வது என்பதை அவள் உடல் கற்றுக்கொள்ளவே இல்லை. போட்டியிலோ இறங்கி முதலிலிருந்து தொடங்க முடியாது. ஆகவே ஒரு சின்னத் தடுமாற்றம் வந்தால்கூட அதற்குப் பிந்தைய பகுதி முழுவதும் சரிந்துவிடும். பிறகு பயிற்சிக்குப் போகும் நாளிலெல்லாம் வயிற்றுவலி என்றாள். மருத்துவர் பார்த்து வயிற்றில் கோளாறு ஏதும் இல்லை என்றார். அதன் பின்னர்தான் அவளுடைய பயிற்சியாளர் இந்தச் சேவையைப் பரிந்துரைத்தார்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் சிறப்பும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் அப்பா கொடுமைக்காரர் அல்லர்; குரலை உயர்த்தியதுகூட இல்லை. மகள் ஆடும் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் மதிப்பெண் விதிகளைத் தாமே படித்து, நடுவர் அறிவிப்பதற்கு முன்பே மதிப்பெண்ணை ஏறத்தாழச் சரியாகச் சொல்லிவிடும் அளவுக்குத் தேறியவர். போட்டியின்போது சட்டைப்பையில் இருக்கும் சிறு குறிப்பேட்டை எடுத்து, கழிவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். வீடு திரும்பும் வழியில் அதைப் படித்துக் காட்டுவார். அம்மாவோ ஆறுதல் சொல்வார்: “பரவாயில்ல கண்ணு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்.” தங்கை வெற்றி பெற்று வந்த நாட்களிலும் அம்மா இதையேதான் சொன்னார் என்பதை, பின்னர் ஆலோசகர் எடுத்துக்காட்டும் வரை எங்களில் ஒருவரும் கவனித்ததில்லை. பதக்கத்தோடு வந்தவளுக்கு ஆறுதல் சொன்னால், எதையோ இழந்துவிட்டு வந்திருக்கிறாள் என்றுதானே பொருள்.

இனி சேவைக்கு வருகிறேன். முதல் அமர்வு நேரிலும், மற்றவை பெரும்பாலும் காணொளி அழைப்பிலும் நடந்தன. தொடக்கத்திலேயே அவர்கள் செய்த இரண்டு காரியங்கள் எனக்கு நம்பிக்கை அளித்தன. முதலாவது, உறக்கம், உணவு, மாதவிடாய் ஒழுங்கு, காயங்கள், தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றைப் பற்றித் தங்கையிடம் தனியாகவும் விரிவாகவும் கேட்டார்கள். உடல் தோற்றம் மதிப்பிடப்படும் விளையாட்டுகளில் பிழையின்மை மீதான பிடிவாதமும் உணவுக் கோளாறுகளும் அடிக்கடி சேர்ந்தே வரும் என்பதால் இந்தக் கேள்விகள் மிக முக்கியமானவை. அப்படி ஏதேனும் தென்பட்டால் தாங்களே வைத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இதைக் கேட்காமல் நேரே ‘வெற்றி மனப்பான்மை’ பற்றிப் பேசத் தொடங்கும் எந்தச் சேவையையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, தங்கை அமர்வில் பேசுவது எதுவும், அவளுடைய பாதுகாப்புக்கு ஆபத்து இருந்தாலொழிய, பெற்றோருக்குத் தெரிவிக்கப்படாது என்பதை அப்பா அம்மா முன்னிலையிலேயே, அவள் காதுபடச் சொன்னார்கள். அப்பாவின் முகம் சற்று மாறியது. தங்கையின் முகமும் மாறியது, வேறு விதமாக.

ஆலோசகர் கோட்பாட்டை அதிகம் பேசுபவர் அல்லர் என்றாலும், ஒன்றை மட்டும் எங்கள் எல்லாருக்கும் விளக்கினார். உளவியலாளர்கள் பால் ஹூவிட்டும் கோர்டன் ஃப்ளெட்டும் 1991இல் முன்வைத்த பாகுபாடு அது: தனக்குத் தானே உயர்ந்த அளவுகோலை வைத்துக்கொள்வது ஒரு வகை, பிறர் அப்படி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஒரு வகை, தான் குறையற்று இருந்தால்தான் பிறர் தன்னை ஏற்பார்கள் என்று நம்புவது மூன்றாம் வகை. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் வலுவாகப் பிணைந்திருப்பது இந்த மூன்றாவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை எடுக்கப்பட்ட தரவுகளைத் தொகுத்து தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் 2019இல் வெளியிட்ட ஆய்விலும், மூன்றுமே கூடியிருந்தன, அவற்றுள் மிகுதியாகக் கூடியிருந்தது இதுவே. ஆலோசகர் இதைச் சொன்னதன் நோக்கம், தங்கையின் நுணுக்கத்தை மழுங்கடிக்கத் தாம் வரவில்லை என்று தெளிவுபடுத்துவது. “காலை இன்னும் நேரா நீட்டணும்னு நீ ஆசைப்படுறதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்ல, நீட்டலேன்னா வீட்டுல யாரா இருப்பேன்னு நீ பயப்படுறியே, அதைப் பத்தித்தான் பேசப்போறோம்” என்றார். தங்கை அவரை நம்பத் தொடங்கியது அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் என்று என்னிடம் சொன்னாள். தன்னிடமிருந்து எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்ற அச்சத்தோடுதான் அவள் அதுவரை உட்கார்ந்திருந்தாள்.

பீமில் செய்யச் சொன்ன வேலை எளிமையானது, ஆனால் அவளுக்கு மிகக் கடினமானது: முதலிலிருந்து தொடங்கக் கூடாது. தள்ளாடினாலும் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, தொடரை முடித்துவிட்டே இறங்க வேண்டும். விழுந்தால் மீண்டும் ஏறுவதற்குச் சர்வதேச விதி தருவது பத்து விநாடி. பயிற்சியிலும் அதையே கடைப்பிடித்தார்கள். முதல் வாரங்களில் அவள் அழுதுகொண்டே முடித்த நாட்கள் உண்டு என்று பயிற்சியாளர் சொன்னார். பழகிய அசைவை ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்துக்கொண்டே செய்தால் அது குலைந்துவிடும் என்பது விளையாட்டு உளவியலில் நன்கு ஆராயப்பட்ட செய்தி. அதனால் பிழைக்குப் பிறகு தன் காலையோ இடுப்பையோ நினைக்காமல், பார்வையைப் பீமின் முனையில் நிறுத்தி மூச்சை ஒருமுறை முழுவதுமாக வெளியே விட்டு அடுத்த அடியை எடுக்கும்படி பழக்கினார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பல மாதங்கள் திரும்பத் திரும்பச் செய்ததால் மட்டுமே இது படிந்தது.

வாராவாரம் எழுத வேண்டிய பயிற்சி ஏடு ஒன்றும் இருந்தது. பிழை நேர்ந்தவுடன் மனத்தில் ஓடிய சொற்களை அப்படியே எழுதி, அதே பிழையை ஒரு தோழி செய்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று பக்கத்தில் எழுத வேண்டும். தங்கையின் ஏட்டில் ஓர் அடித்தல் திருத்தம்கூட இல்லாததைப் பார்த்த ஆலோசகர், இதற்கு முன் வேறெங்கே எழுதினாய் என்று கேட்டார். அவள் முதலில் வெற்றுத்தாளில் எழுதி, சொற்களைச் சீர்செய்து, பிறகு அழகான கையெழுத்தில் ஏட்டில் படியெடுத்து வந்திருந்தாள்! அதன் பிறகு அந்த வெற்றுத்தாள்களைத்தான் கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. இதைக் கண்டுபிடித்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஆலோசகருக்குத் தனியாக மதிப்பெண் தரலாம்.

பெரிய வீராங்கனைகளின் கதைகளைச் சொல்லி ஊக்கமூட்டும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் பெயர் வந்தது அப்பாவால்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், அவர் குழு இறுதிப் போட்டியின் நடுவே விலகியதை அப்பா ‘அணியைக் கைவிட்டது’ என்றே கருதி வந்தார். ஆலோசகர் வாதிடவில்லை. அன்று வால்ட்டில், அதாவது ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவும் பிரிவில், இரண்டரைத் திருகல் செய்ய வேண்டியவர் காற்றில் தன் உடலின் நிலையே பிடிபடாமல் ஒன்றரையோடு இறங்கியதையும், தலைகுப்புற விழக்கூடிய ஆட்டத்தில் அது எவ்வளவு ஆபத்தானது என்பதையும் விளக்கிவிட்டு, சில நாட்கள் கழித்து அதே பைல்ஸ் தொடரின் முடிவில் திருகல் இல்லாத எளிய இறக்கத்தை வைத்துக்கொண்டு பீமில் வெண்கலம் வென்றதை நினைவூட்டினார். விதிகளைக் கரைத்துக் குடித்த அப்பாவுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கியது. தங்கையின் தொடரிலிருந்தும் பயிற்சியாளரின் ஒப்புதலோடு ஒரு கடினமான தாவல் அந்தப் பருவத்துக்கு நீக்கப்பட்டபோது, அப்பா மறுப்புச் சொல்லாமல் இருந்ததற்கு இந்த உரையாடலே காரணம் என்று நினைக்கிறேன்.

பெற்றோருக்கான அமர்வுகளே இந்தச் சேவையின் உயிர்நாடி. முதல் அமர்வில் அப்பாவிடம், போட்டியோ பயிற்சியோ சம்பந்தப்படாமல் மகளிடம் கடைசியாக எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேட்டார்கள். அப்பா நெடுநேரம் யோசித்து, அவளுடைய உறக்கத்தைப் பற்றிப் பேசியதாகச் சொன்னார். எதற்காகப் பேசினீர்கள் என்று கேட்டபோது, மறுநாள் பயிற்சி இருந்தது என்றார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய போட்டி அட்டவணையை வைத்தே வீட்டின் எல்லா விசேஷங்களும் பயணங்களும் தீர்மானிக்கப்பட்டு வந்தன. (என்னுடைய சில முக்கியமான நாட்களும் அதற்கேற்ப நகர்த்தப்பட்டன, அது வேறு கதை.) “எல்லாம் உனக்காகத்தானே” என்று அன்போடு சொல்லப்படும் வாக்கியம், கேட்கும் பிள்ளைக்குக் கடன் சீட்டாக மாறிவிடும் என்பதை அந்த அமர்வில் அம்மாதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

போட்டி முடிந்து திரும்பும் வழியில் தங்கையாகத் தொடங்கினாலொழிய ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர்கள் தந்த முதல் விதி. நல்ல விதிதான், ஆனால் எங்கள் வீட்டில் அது தொடக்கத்தில் நிலைமையை மோசமாக்கியது. அப்பா ஒரு சொல்லும் பேசாமல் வண்டியை ஓட்டினார். தங்கை அடுத்த அமர்வில் சொன்னாள்: “அப்பா பேசாம இருந்தா, நோட்டுல எவ்வளவு எழுதியிருப்பாருன்னு நானே கணக்குப் போட ஆரம்பிச்சுடுறேன்.” ஆலோசகர் விதியை மாற்றினார். மௌனமும் ஒரு தீர்ப்பாகவே கேட்கும் என்பதால், வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள், பாட்டுப் போடுங்கள், வழக்கமான வேலைகளைப் பேசுங்கள் என்றார். ஆட்டத்தைப் பற்றி எப்போது பேசலாம் என்பதை அவள் சொல்வாள். குறிப்பேடு இருக்கட்டும், ஆனால் அவள் கேட்டால் மட்டுமே திறக்கப்பட வேண்டும். இப்போது அவளே சில நாட்களில் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாள், அப்பா 0.30 கழித்த இடத்தில் 0.10தான் என்று சண்டையும் போடுகிறாள். அவளுக்கு நுணுக்கம் பிடிக்கும். யார் எப்போது கேட்பது என்பது மாறியவுடன் அந்தக் குறிப்பேட்டின் குணமே மாறிவிட்டது.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. மிகப் பெரியது அவர்களுடைய செயலி. நாள்தோறும் மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் இட வேண்டும். வார இறுதியில் அது ஒரு வரைபடமாகும். அந்த வரைபடம், நாம் எதுவும் செய்யாமலே, பெற்றோரின் கணக்கிலும் தெரியும்படி அமைக்கப்பட்டிருந்தது. பத்திலிருந்து கழித்துக் கழித்தே நொந்துபோன ஒரு பிள்ளையிடம் மறுபடியும் பத்துக்கு எத்தனை என்று கேட்பதும், அதைப் பெற்றோருக்குக் காட்டுவதும் யாருடைய யோசனையோ தெரியவில்லை. அப்பா ஒருநாள் இயல்பாகவே, “இந்த வாரம் ஏம்மா ஆறு?” என்று கேட்டார். மறுநாளிலிருந்து தங்கை தவறாமல் எட்டு போடத் தொடங்கினாள். அமர்வில் பேசுவது பெற்றோருக்குப் போகாது என்று முதல் நாள் கொடுத்த வாக்குறுதியோடு இது நேராக முரண்படுகிறது. நான் எழுத்து மூலம் புகார் செய்த பிறகு எங்கள் கணக்கில் மட்டும் பகிர்வை நிறுத்தினார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்பது அவர்கள் அனுப்பிய பதிலிலிருந்தே தெரிந்தது.

அவர்களுடைய விளம்பரத் தாள்களும் பொருத்தமற்றவை. உள்ளே நடப்பது பதற்றத்தைத் தணிக்கும் வேலை, வெளியே அச்சடித்திருப்பதோ உச்சத்தைத் தொடு, மேடை ஏறு என்ற முழக்கம். அவற்றைப் பார்த்துவிட்டுச் சேரும் பெற்றோர் எதை எதிர்பார்த்து வருவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியாளரோடு தொடர்புகொள்வதும் எங்கள் பொறுப்பாகவே விடப்பட்டது. எங்கள் பயிற்சியாளர் தாமே முன்வந்து ஒத்துழைத்தார் என்பதால் பிழைத்தோம். மறுதொடக்கத்துக்குத் தடை போன்ற ஒரு பயிற்சி, பயிற்சியாளரின் உடன்பாடு இல்லாமல் ஒருநாள்கூட நடக்காது. போட்டிக் காலத்தில், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில், அமர்வை மாற்றியமைப்பது கடினமாக இருந்தது. பெற்றோர் அமர்வுகளுக்குத் தனிக் கட்டணம் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான குடும்பங்கள் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்போவது அதைத்தான். வெட்டக் கூடாததும் அதுதான்.

ஓர் ஆலோசனைச் சேவையால் விளையாட்டின் அமைப்பையே மாற்றிவிட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நார்வேயில் 1987இல் ஏற்கப்பட்டு 2007இல் திருத்தப்பட்ட குழந்தைகள் விளையாட்டு உரிமை விதிகளின்படி, 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடுவதில்லை. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், ஆறேழு வயதிலேயே பட்டியலில் தன் பெயரைத் தேடப் பழகிய பிள்ளைகள்தாம் பதின்வயதில் இந்த ஆலோசகர்களிடம் வந்து சேர்கிறார்கள்.

பலன் என்னவென்று கேட்டால், தங்கையின் தரவரிசையில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. பருவத்தின் கடைசிப் போட்டியில் அவள் பீமிலிருந்து விழுந்தாள், ஏறினாள், மீதித் தொடரை அதற்கு முன் நான் பார்த்திராத நிதானத்தோடு முடித்தாள். ஒரு முழுப் புள்ளி போனது போனதுதான். வயிற்றுவலி பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்னமும் தோழிகளின் காணொளிகளோடு தன்னுடையதை ஒப்பிட்டுக்கொண்டு விழித்திருக்கும் இரவுகள் உண்டு; அதைப் பற்றி ஆலோசகரிடம் அவளே பேசுகிறாள். மாதம் ஓர் அமர்வு என்ற அளவில் தொடர்வது அவள் எடுத்த முடிவு. பெற்றோர் அமர்வுகள் முடிந்துவிட்டன என்றாலும், அடுத்த பருவம் தொடங்கும் முன் இன்னும் ஒன்று வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார்.

பதக்கத்தை விரைவுபடுத்தும் வழி என்று எண்ணி இதில் சேர்பவர்கள் ஏமாந்து போவார்கள். பிள்ளையை அனுப்பிவிட்டுத் தாங்கள் வெளியே காத்திருக்கலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கும் இது ஏற்றதல்ல. உணவைத் தவிர்ப்பது, தொடர்ந்து உறங்காமை, வாழ்வில் பிடிப்பில்லை என்ற பேச்சு ஆகியவை இருந்தால் இத்தகைய சேவைக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு, ஐந்துக்கு நான்கு என்று என்னால் மதிப்பிட முடியும். அந்த ஒன்று போனது செயலிக்காக. சேருவதற்கு முன், பிள்ளை இடும் பதிவுகளில் எவை எவை பெற்றோருக்குத் தெரியும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆலோசகர் பயிற்சியாளரிடம் நேரடியாகப் பேசுவாரா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.